யாழ்

நரம்பை விரலால் மீட்டும் பழந்தமிழ்க் கருவி. வீணைக்கு இன்னொரு பெயர் அல்ல. வீணையில் ஒரே தந்தியை மெட்டில் அழுத்திப் பல சுரம் எடுப்பார்கள். யாழில் சுரத்துக்கு ஒரு நரம்பு: பேரியாழுக்கு 21, செங்கோட்டியாழுக்கு 7.

செய்யுள் யாத்தல் என்கிறோமே, அந்த 'யா' (கட்டு) என்ற வேரிலிருந்து 'யாழ்' என்ற சொல் வந்தது என்பது ஒரு கருத்து. கருவியும் அதற்கு இடம் தருகிறது. பத்தர் என்ற குடத்தைத் தோலால் போர்த்து, கோடு என்ற வளைந்த தண்டில் திவவு என்னும் வார்க்கட்டால் நரம்புகளைப் பிணிப்பார்கள். விபுலானந்தரின் 'யாழ்நூல்' (1947) இதையெல்லாம் கணக்கோடு ஆராய்கிறது.

யாழுக்குப் பினாங்குக்காரர்கள் அறியக்கூடிய நெருங்கிய உறவு ஒன்று உண்டு: ஜார்ஜ்டவுன் பர்மா சந்தில் 1803இல் கோயில் எழுப்பிய பர்மியரின் வில்யாழான 'சாவுங்'. அதில் நரம்பைக் கழுத்தோடு கட்டும் சிவப்புக் கயிறு திவவேதான்.