எட்டு எண்ணங்கள்

எட்டு எண்ணங்கள் என்பது, மனித மனத்தை அலைக்கழிக்கும் விகாரங்களை வகைப்படுத்தி அவற்றிற்குப் பரிகாரமும் கூறும், எகிப்தியப் பாலைவனக் கிறிஸ்தவத் துறவியரின் உபதேசமாகும். இதற்குச் சாஸ்திர வடிவம் தந்தவர் பொந்து நாட்டு எவாக்ரியஸ் (சுமார் 345–399). நசியான்சு கிரகோரியாரிடம் தியாக்கோன் பட்டம் பெற்று, கொன்ஸ்தாந்திநோபிளில் வாதத் திறமையால் புகழடைந்திருந்த இவர், மணமான உயர்குல மாதொருத்திபால் மனத்தைப் பறிகொடுத்து, அதன் விளைவுக்கு அஞ்சி எருசலேமுக்கு ஓடி, அங்கே மெலானியா அம்மையாரின் புத்திமதியால் துறவு பூண்டு, எகிப்து சென்று, முதலில் நித்திரியாவிலும் பின்னர் கெல்லியாவிலும் சுவடிகளைப் பிரதி செய்து ஜீவனம் நடத்தினார்.

பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை என்பன அவர் கூறும் எட்டு. பட்டியலினும் சிறந்தது அதற்கு அடிப்படையாக அவர் வைத்த ஒரு பாகுபாடு. இவ்வெண்ணங்கள் உள்ளத்தைத் தீண்டுவதும் தீண்டாதிருப்பதும் நம் வசத்தில் இல்லை. தீண்டியவை அங்கே தங்குவதும், தங்கி ஆசாபாசங்களைக் கிளப்புவதுமே நம் வசத்தில் உள்ளவை என்று அவர் ‘பிராக்திகோஸ்’ என்னும் நூலில் வரையறுக்கிறார். தீய நினைவு தோன்றிய மாத்திரத்தில் தம்மைப் பாவியென்று நொந்துகொள்ளும் பக்தர்களுக்கு இதனினும் பெரிய ஆறுதலை நான் அறியேன். ஆகவே, எந்த எண்ணம் எப்பொழுது எழுகிறது, எதைத் தொடர்ந்து எது வருகிறது, எப்பொழுது தணிகிறது என்பவற்றைச் சாதகன் கூர்ந்து கவனிக்கவேண்டுமென்று அவர் விதித்தார்.

எட்டனுள் அவர் மிக நுட்பமாகச் சித்திரித்தது சோர்வை. காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை துறவியை வருத்தும் இது, சூரியன் நகரவில்லையோ என்று அவனை மயங்கச் செய்து, பலகணியை அடிக்கடி நோக்கவைத்து, இருக்கும் இடத்தின்மீதும் செய்யும் தொழிலின்மீதும் வெறுப்பூட்டி, வேறிடத்தை நாடத் தூண்டி, இறைவனை எங்கும் வழிபடலாமென்று வேதாந்தமும் பேசும். அலுவலகத்துப் பிற்பகலை அறிந்தோர்க்கு இவ்வருணனை அந்நியமாகத் தோன்றாது. அறையை விட்டகலாமல் பொறுத்திருத்தலும், ஆன்மாவை இரு கூறாக்கி ஒன்று மற்றொன்றைத் தேற்றுமாறு செய்தலும் இதற்கு மருந்துகள். கோபத்திற்குச் சங்கீதம் பாடுதலும் பொறுமையும் இரக்கமும் விதிக்கப்பட்டன. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட இயேசு வேதவாக்கியங்களாலேயே மறுமொழி கூறியதை முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வோர் எண்ணத்திற்கும் எதிராகச் சொல்லத்தக்க வசனங்களை எட்டுப் பகுதிகளாக அவர் திரட்டித் தந்த நூல் ‘அந்திரெதிகோஸ்’.

இச்சாதனையின் பயன் விகாரமற்ற மனநிலை. இத்தகைய நிலை மனிதனைக் கல்லாகவோ கடவுளாகவோ ஆக்கிவிடுமென்று ஜெரோம் கண்டித்தார். ஆயின் அந்நிலையின் குழந்தையே அன்பு என எவாக்ரியஸ் தெளிவாகக் கூறியிருத்தலின் அக்கண்டனம் முழுதும் பொருந்தாது.

இவ்வுபதேசத்தை ஜான் காசியன் ஐந்தாம் நூற்றாண்டில் லத்தீன் உலகிற்குக் கொண்டுசென்றார். பின்னர்ப் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் (590–604) அகந்தையை அனைத்திற்கும் வேராகத் தனித்து வைத்து, சோர்வைத் துக்கத்தில் அடக்கி, பொறாமையைச் சேர்த்து எண்ணிக்கையை ஏழாக்கினார். நோய்க்குறிகளாகக் கருதப்பட்டவை இதனால் குற்றங்களின் அட்டவணையாக மாறியது நஷ்டமே. எவாக்ரியஸின் தத்துவக் கொள்கைகள் 553-ல் கூடிய கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தையொட்டிக் கண்டிக்கப்பட்டபின் அவர் நூல்கள் பல கிரேக்கத்தில் மறைந்தன; ‘அந்திரெதிகோஸ்’ சிரியாக் மொழிபெயர்ப்பிலும், ஜெபத்தைப் பற்றிய நூல் நீலஸ் என்னும் மற்றொருவர் பெயரிலும் பிழைத்து நின்றன.