சிரை வழி ஊட்டமும் பசியும்: விலங்குச் சோதனைகள் சொல்வது என்ன?

1950களின் தொடக்கத்தில் ழான் மேயர் முன்வைத்த கருதுகோளின்படி, உடல் குளுக்கோஸைப் பயன்படுத்தும் வேகமே பசியைத் தீர்மானிக்கிறது. வேகம் குறைந்தால் பசி எழும், கூடினால் அடங்கும். அப்படியானால் குளுக்கோஸை நேரே சிரைக்குள் செலுத்தினாலும் விலங்கு தின்பது குறைய வேண்டும். மேயருக்கு முன்பே, 1949இல், ஜனோவிட்சும் கிராஸ்மனும் நாய்களில் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் அவை வழக்கம்போலவே தின்றன.

இதை வைத்து, இரத்தத்தில் சேரும் கலோரிக்கும் பசிக்கும் தொடர்பே இல்லை என்பது அவசர முடிவு. சிக்கல் கால அளவில் இருக்கிறது. நீண்ட எலிச் சோதனைகளில், இதயத்தருகே பெருஞ்சிரைக்குள் செருகிய மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் கொண்டுபோய்ப் பிடரியில் வெளியே எடுத்து, கூண்டுக்கு மேலுள்ள சுழல் இணைப்பில் மாட்டுகிறார்கள். எலி நடமாடலாம், தூங்கலாம், வேண்டியபோது தின்னலாம். ஊட்டம் நாள்கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கும். இந்நிலையில் தீனி கண்கூடாகக் குறைகிறது. ஆனால், 1976இல் நிக்கோலாய்டிஸும் ரோலண்டும் வெளியிட்டது முதல் பல ஆய்வுகளிலும், ஏற்றிய கலோரி முழுவதையும் எலிகள் தீனியில் கழித்துக்கொள்வதில்லை. மொத்த வரவு கூடவே செய்கிறது.

ஊட்டத்தை நிறுத்திய பின் நடப்பதுதான் எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது. ஏற்றிய குளுக்கோஸ் சில மணி நேரத்தில் இரத்தத்தைவிட்டு நீங்கிவிடும். தீனி பழைய அளவுக்குத் திரும்பவோ சில நாள் பிடிக்கிறது. ஆக, பசியை அடக்கி வைப்பது அந்நேரத்து இரத்தச் சர்க்கரை அல்ல. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் சேமிப்பு சார்ந்த ஏதோவொன்று. ஒரு வேளைத் தீனியை நிறுத்தும் குறிப்பு வேறு: அது பெரும்பாலும் இரைப்பையிலும் குடலிலும் பிறக்கிறது. குடல் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் எலிகளின் தீனியைக் குறைப்பதை கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் 1973இல் காட்டினர். சிரை வழி ஊட்டம் இந்தக் குறிப்பை எழுப்பாமலே போய்விடுகிறது. நாய்கள் தின்பதை நிறுத்தாததில் வியப்பில்லை.

எந்தச் சிரை என்பதும் முக்கியம். மெக்சிகோவின் மௌரிசியோ ருசெக் வெளியிட்ட சோதனையில், குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் வாயிற்சிரையில் ஏற்றிய குளுக்கோஸ் நாய்களின் பசியை அடக்கியது. கழுத்துச் சிரையில் ஏற்றியது அடக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேயரை அடியோடு ஒதுக்கவும் முடியாது. எலி தின்னத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு இரத்தக் குளுக்கோஸ் சிறிதளவு தாழ்வதை லூயி-சில்வெஸ்டரும் லெ மாக்னனும் 1980இல் பதிவு செய்தனர். அந்தத் தாழ்வைச் சிறிதளவு குளுக்கோஸ் ஏற்றித் தடுத்தால் அடுத்த வேளை தள்ளிப்போவதை கேம்ஃபீல்டும் ஸ்மித்தும் பின்னர்க் காட்டினர். இங்கே குளுக்கோஸ் எரிபொருளாக அல்ல, அறிகுறியாகவே வேலை செய்கிறது.

இன்னொரு ஐயம் மிச்சமிருக்கிறது. அடர்த்தி மிகுந்த கரைசல் விலங்குக்கு உடல்நலக் குறைவை உண்டாக்கினாலும் தீனி குறையும்; அதைப் பசி அடங்கியதாகக் கொள்ளக் கூடாது. உப்புக் கரைசலை ஏற்றி ஒப்பிடுவது மட்டும் இதற்குப் போதாது. ஏற்றிய சிரை, வேகம், அடர்த்தி, நாள்கணக்கு ஆகியவற்றைக் குறிப்பிடாத சோதனை முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது பயனற்றது.