கொத்தனார் விரலில் ஒரு பல்பு

பி.காம் மேலாண்மைப் பாடத்தில் டெய்லருக்குப் பக்கத்தில் ஒரு பெயர் வரும்: ஃபிராங்க் கில்பிரெத். "இயக்க ஆய்வு" என்று இரண்டு மார்க்குக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் மனுஷன் தொழில் தொடங்கியதே கொத்தனாராகத்தான்!

1885-ல், 17 வயதில், அமெரிக்காவின் பாஸ்டனில் கொத்து வேலை பழகச் சேர்ந்தார். ஒரே கொத்தனார் அவசரத்தில் ஒரு மாதிரி, நிதானமாக இருக்கும்போது ஒரு மாதிரி, புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொரு மாதிரி வேலை செய்வதைக் கவனித்தார். அப்படியானால் எதுதான் சரி?

ஒரு செங்கல்லுக்கு 18 அசைவுகள் இருந்ததை 5 ஆகக் குறைத்தார். மணிக்கு 120 செங்கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள் என்று டெய்லர் 1911-ல் எழுதினார். சூட்சுமம் எளிமையானது. 5 பவுண்டு செங்கல்லை எடுக்க 150 பவுண்டு உடம்பு குனிந்து நிமிர வேண்டியிருந்தது, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை! உயரத்தை மாற்றக்கூடிய சாரம் அமைத்து, செங்கல்லைக் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தார்.

1910-களில் அவரும் மனைவி லில்லியனும் தொழிலாளியின் விரலில் சின்ன பல்பைக் கட்டி, கேமரா ஷட்டரைத் திறந்தே வைத்துப் படம் எடுத்தார்கள். கை போன பாதை வெளிச்சக் கோடாகப் பதிந்தது. அதைப் பார்த்துக் கம்பியை வளைத்து, பயிற்சிக்குக் காட்டினார்கள். 1916-ல் இருவரும் உடல் சோர்வைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்கள்.

நூறு வருடம் கழித்து, பல்பு இருந்த இடத்தில் சென்சார். செல்போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதே வகைதான். 2010-களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொத்தனார்களுக்குச் சென்சார் உடை மாட்டி கான்கிரீட் பிளாக் சுவர் கட்டச் சொன்னார்கள். அனுபவசாலிகள் பாதுகாப்பு விதிகளை அப்படியே பின்பற்றவில்லை. பிளாக்கைத் தூக்குவதைவிட ஆட்டி வீசி நகர்த்தினார்கள். முதுகைக் குறைவாக வளைத்தார்கள். வேகமும் இருந்தது, மூட்டில் விழும் பாரமும் குறைந்தது. இதைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்பதுதான் ஆய்வின் பயன்.

கில்பிரெத் "ஒரே சிறந்த வழி" ஒன்றை வகுத்துத் தொழிலாளியிடம் கொடுத்தார். சென்சாரோ, நல்ல வழி மூத்த கொத்தனாரின் உடம்பிலேயே இருக்கிறது என்று காட்டியது. ஆனால் அதே சென்சாரை வைத்து, யார் மெதுவாக வேலை செய்கிறார் என்றும் முதலாளி கணக்கெடுக்கலாம். கருவி ஒன்றுதான், கணக்கு யாருக்காக என்பதுதான் கேள்வி.

120 எப்படி 350 ஆனது என்று படிக்கிற நாம், அந்த 350-ஐ வைத்தவர் ஐம்பது வயதிலும் நிமிர்ந்து நிற்கிறாரா என்றும் கேட்க வேண்டும் நண்பர்களே. அதுவும் லாப நட்டக் கணக்குதான்.