குழந்தைப் பராமரிப்பு வழக்குகளில் மருத்துவ, உளவியல் நிபுணர்கள்

கணவன் மனைவி பிரிந்த பின் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் மனநல மருத்துவர், உளவியலாளர், குழந்தை மருத்துவர் போன்றோர் நீதிமன்றத்துக்குக் கருத்துரைப்பது உண்டு. இந்தியாவில் இதற்கு வழிசெய்வது 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. மருத்துவ வல்லுநரையோ குடும்பநலப் பணியில் இருப்பவரையோ நீதிபதி துணைக்கு அழைக்கலாம்; கிடைத்தால் பெண்ணாக இருப்பது நல்லது என்றும் அது சொல்கிறது. 14-ஆவது பிரிவு இன்னும் தாராளம். வழக்கைத் தீர்க்க உதவும் எந்த அறிக்கையையும், சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகளைப் பாராமல் நீதிமன்றம் ஏற்கலாம். ஆனாலும் நிபுணர் தருவது கருத்து மட்டுமே. குழந்தையின் நலன் எதில் என்று முடிவுசெய்வது நீதிபதிதான்.

முறையான மதிப்பீடு ஒரே அமர்வில் முடிவதில்லை. தாய், தந்தை இருவரிடமும் தனித்தனியே பேச வேண்டும். ஒவ்வொருவருடனும் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளியிலும் விசாரிக்க வேண்டும். சின்னக் குழந்தையிடம் "அம்மா வேணுமா, அப்பா வேணுமா" என்று கேட்பதைத் தவிர்த்து, விளையாட விட்டும் படம் வரையச் சொல்லியும் பேச்சுக் கொடுப்பார்கள். ஆறு வயதுக் குழந்தையின் வாயில் "ஜீவனாம்சம்" என்ற சொல் வந்தால், சொல்லிக்கொடுத்தது யார் என்ற கேள்வி எழும். குழந்தை மருத்துவரின் பங்கு வேறு. இன்சுலின் தேவைப்படும் பிள்ளைக்கு வேளை தவறாமல் ஊசி போடுவது யார், ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துவருவது யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். உறவினர்களின் வாய்ச் சாட்சியத்தைவிட இது கனமானது. பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்கும் கடமை நிபுணருக்கும் உண்டு.

ஒரு தரப்பு மட்டும் பணம் கொடுத்துப் பெறும் சான்றிதழ்கள் இத்துறையின் பெரிய சங்கடம். நேரில் பார்த்தே இராத கணவனுக்கோ மனைவிக்கோ அவற்றில் மனநோய்ப் பட்டம் கட்டப்படுவதுண்டு. அத்தகைய ஆதாரத்தை மறுதரப்பு எதிர்த்தால், அதை மனநல வாரியத்தின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

அதைவிடச் சர்ச்சைக்குரியது, அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985-இல் முன்வைத்த "பெற்றோர் விலக்க நோய்க்குறி". பெற்றோரில் ஒருவர் ஊட்டும் வெறுப்பால் குழந்தை மற்றவரை ஒதுக்குகிறது என்பது அவர் வாதம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 நோய்ப் பட்டியல் இதைச் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் தன் நோய் வகைப்பாடான ஐசிடி-11-இன் சொல்லடைவிலிருந்து இதை எடுத்துவிட்டது. 2017-இல் இக்கருத்தைத் தீர்ப்பொன்றில் எடுத்தாண்ட இந்திய உச்ச நீதிமன்றம், குறிப்பான நடத்தை எதையும் சுட்டாமல் அவசரப்பட்டு யார்மீதும் இம்முத்திரையைக் குத்தக் கூடாது என்று 2024-இல் எச்சரித்தது. வேறொரு வழக்கில், சிறுவன் ஒருவனின் பொறுப்பைத் தந்தைக்கு அளித்த தன் தீர்ப்பையே 2025 ஜூலையில் அது மாற்றிக்கொண்டது. அவனுடைய பதற்றம் கூடிவருவதாகச் சொன்ன உளவியல் அறிக்கைகளே அதற்குக் காரணம். பொறுப்பு தாயிடம் திரும்பியது; தந்தைக்குச் சந்திக்கும் உரிமை தரப்பட்டது.