துரை பங்களாப் புல்வெளியும் ஏழு பேர்ச்சஸ் வாசலும்

ஹட்டனிலிருந்து நோர்வூட் செல்லும் பாதையை அடுத்த தோட்டமொன்றில் அண்மையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று தலைமுறையாக லயத்துக் காம்பராவில் வாழ்ந்துவிட்டுத் தனிவீட்டுக்குக் குடிவந்த குடும்பம் அது. கொழும்பில் வேலை செய்யும் மகன் விடுமுறையில் வந்திருந்தார். வீட்டின் பின்புறத்தில் செம்மண் தெரியக் கிடந்த வெற்று நிலத்தைக் காட்டி, பிறகு தமது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். சதுரச் சதுரமாய்ப் பதித்த கற்கள். கற்களுக்கு நடுவே பச்சைப் பசேலென்று செயற்கைப் புல்.

"வெட்ட வேணாம், தண்ணி ஊத்த வேணாம். இடைக்கிடை கழுவிவிட்டாப் போதும். நீங்க என்ன சொல்றீங்க ஐயா?" என்று கேட்டார்.

பிளாஸ்டிக் புல்லின் தீமைகளை நான் அடுக்கத் தொடங்கியபோது, இஸ்தோப்பில் அமர்ந்திருந்த அவருடைய தாயார் குறுக்கிட்டார். ஓய்வுபெற்ற தொழிலாளி.

"புல்லு உசுரா இருந்தா என்ன, பிளாஸ்டிக்கா இருந்தா என்னங்கையா? நாப்பது வருசமா மலையில புல்லோடயே மல்லுக்கட்டியாச்சு. என் வாசல்ல எந்தப் புல்லும் வேணாம். பூராவும் சிமெந்து போடச் சொல்லுங்க."

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் சொல் வீடு திரும்பும்வரை கூடவே வந்தது. புல்லின்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு அவருடையது மட்டுமன்று. ஒன்றரை நூற்றாண்டு மலையக வரலாறு அதற்குள் இருக்கிறது.

வீட்டின் முன்னே புல்லை வளர்த்து, அதை ஒட்ட வெட்டி, வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது நம்முடைய மரபன்று. நம் வீடுகளுக்கு முற்றம் உண்டு. அது சாணி தெளித்துக் கோலமிடும் மண். புல்வெளி என்பது ஆங்கிலேயச் செல்வர்களின் மாளிகைகளில் வளர்ந்த பழக்கம். விளைச்சல் எதையும் எதிர்பாராமல் இவ்வளவு நிலத்தை என்னால் சும்மா விட்டுவைக்க முடியும் என்று ஊருக்கு அறிவிக்கும் ஏற்பாடு அது. 1830இல் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் படிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறும்வரை, அந்தப் புல்லை அரிவாளேந்திய கூலியாட்களும் மேய்ச்சல் ஆடுகளுமே மட்டம் செய்து வந்தனர். புல்வெளிக்குப் பின்னால் எப்போதும் வேறொருவரின் உழைப்பு இருந்தது.

இந்தப் பழக்கம் கப்பலேறி வந்து நிலைகொண்ட இடங்களில் நுவரெலியா முதன்மையானது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரம், இங்கிலாந்தை நினைவூட்டும் குளிர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே கட்டிய மாளிகைதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து உழவர்களையும் மாடுகளையும் கொண்டுவந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவைக்க முயன்றார். 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கழகம், 1897இல் விக்டோரியாப் பூங்கா. பத்தனை எனப்படும் இயற்கைப் புல்நிலம் இம்மலைகளில் முன்பே இருந்தது. ஆனால் அது முரட்டுப் புல். துரைமார் தேடியது தம் ஊரின் பச்சைக் கம்பளத்தை.

1867இல் லூல்கந்தராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தென்பட்டது. கோப்பி மடிந்த மலைகளில் தேயிலை ஏறியது. தோட்டத்துக்குத் தோட்டம், காட்சி நன்றாய்த் தெரியும் மேட்டில் பெரிய துரையின் பங்களா எழுந்தது. அதன் முன்னே புல்வெளி, கற்கள் பதித்த நடைபாதை, ரோஜாப் பாத்தி. அந்தப் புல்லை வெட்டிய தோட்டக்காரரின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. துரையின் வீட்டு வாசல் அழகுக்குத் தோட்டமே கூலி கொடுத்தது. பராமரிப்புச் சுமையே இல்லாத புல்வெளி துரைக்கு அன்றே வாய்த்துவிட்டது. சுமந்தவர் வேறு ஆள் என்பதுதான் விஷயம்.

இதில் ஒரு விந்தை உண்டு. பங்களா வாசலில் சீராட்டப்பட்ட அதே புல், தேயிலை மலையில் பகையாகக் கருதப்பட்டது. கோப்பிக் காலத்திலிருந்தே ஒரு புல்லும் தென்படாமல் நிலத்தைத் துடைத்து வைப்பதே திறமையான துரைத்தனத்தின் அடையாளம். அதற்கான ஆயுதம் சுரண்டி. மலையக வழக்கில் 'சொரண்டி'. செடிகளுக்கு நடுவே குனிந்து, மண்ணோடு சேர்த்துப் புல்லைச் சுரண்டி எடுப்பார்கள். புல் போயிற்று, அதைத் தொடர்ந்து மேல்மண்ணும் மழையோடு போயிற்று. இந்த மலைகளின் வளமான மண் ஆறுகளில் இறங்கியதை ஆட்சியாளர்கள் கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல்தான் வந்தது.

மண்ணைக் காப்பாற்றியதும் இதே மக்களின் கைகள்தாம். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டினார்கள். மலையில் கிடந்த கருங்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கல்கட்டுகள் எழுப்பினார்கள். தலவாக்கலை சென்கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் புதுக்கன்று நடுமுன் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ நட்டு மண்ணைத் தேற்றும்படி பரிந்துரைத்தது. சுரண்டியைக் கைவிடவும் சொன்னது. ஆக, கல்லையும் புல்லையும் இணைத்து நிலத்தைக் காக்கும் கலை மலையகத்துக்குப் புதிதன்று. அதைச் செய்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை என்பதே குறை.

லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு, அதற்கு முன்னே எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான ஒரு துண்டு மண்ணும் கானும். பின்புறம் என்று ஒன்று கிடையாது; முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. லயத்துக்குள் இருந்தவரின் கைக்கு மட்டும் அது வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஏழு பேர்ச்சஸைப் பார்க்க வேண்டும். இந்திய உதவியுடன் மலையகத்தில் 4,000 தனிவீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டின் பரப்பு 550 சதுர அடி. காணி ஏழு பேர்ச்சஸ். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்றால் ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீட்டைக் கழித்தால் மிஞ்சுவது 1,350 சதுர அடி. ஏழு போதாது, இருபது வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வீடு கிடைத்தும் காணி உறுதி கையில் வராதோர் பலர். லயத்திலேயே இருப்போர் அதனினும் பலர். எனினும், இருநூறு ஆண்டுகளில் முதன்முறையாக, இங்கே என்ன போடலாம் என்று ஒரு குடும்பம் தனக்குள் வாதாடும் 1,350 சதுர அடி அது. அந்த வாதத்துக்குள்தான் நான் அறியாமல் நுழைந்திருந்தேன்.

செயற்கைப் புல் பிறந்த கதையும் சுவையானது. 1965இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் கூரை மூடிய விளையாட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டது. கூரைக் கண்ணாடியில் கூசிய ஒளி ஆட்டக்காரர்களுக்கு இடையூறாக இருந்ததால் அதற்கு வர்ணம் பூசினார்கள். வெயில் கிடைக்காமல் கீழே இருந்த புல் செத்தது. மறு ஆண்டு மொன்சாண்டோ நிறுவனத்தின் நைலோன் புல்லை விரித்தார்கள். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டபோது, அதுவரை பதக்கமில்லாமல் திரும்பாத இந்திய அணி ஏழாமிடத்துக்குப் போனதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயிருள்ள புல் வளர வழியில்லாத இடத்துக்காக வந்த பொருள், புல் தானாகவே முளைக்கும் மலையகத்துக்கு இன்று வந்து நிற்கிறது.

இங்கே அது எப்படி நடந்துகொள்ளும்? நுவரெலியாவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீற்றர் மழை. ஹட்டனுக்குக் கீழே வட்டவளையில் 5,000 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்யும். செயற்கைப் புல்லுக்கு அடியில் உடைகல்லும் மணலும் பரப்பி இறுக்குவார்கள். தண்ணீர் வடியலாம், ஆனால் மண்ணைப் பிடித்துக்கொள்ள அங்கே வேர் இல்லை. ஓயாத பனிமூட்டத்தில் பிளாஸ்டிக் இழைமேலும் பாசி படியும், வழுக்கும். தேய்ந்து உதிரும் துகள் கானில் இறங்கும். கானின் நீர் கெஹெல்கமு ஓயாவுக்கும் மஸ்கெலி ஓயாவுக்கும் போகும். அவை இரண்டும் கூடினால் களனி கங்கை. கொழும்பு மக்கள் குடிப்பது அந்த நீர். முழுவதும் சிமெந்து பூசினாலோ, விழும் நீர் அத்தனையும் வேகமெடுத்துக் கீழ்வீட்டின் அத்திவாரத்தைத் தேடிப் போகும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகம் எங்கும் சரிந்ததையும் பார்த்தபின், நீர் போகும் வழியை வெறும் அலங்காரப் பிரச்சினையாகக் கருத இயலாது.

ஆயினும் அந்த அம்மாவிடம் இந்தப் பாடத்தை ஒப்புவிக்க எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்து, அந்தியில் அடுப்பு மூட்டிய ஒருவர், என் வாசல் என்னிடம் வேலை வாங்கக் கூடாது என்று சொன்னால் அது சோம்பலன்று, உரிமை. இலண்டனிலும் டொரொண்டோவிலும் பின்வளவுக்குச் செயற்கைப் புல் வாங்கும் நம்மவர்கள் கேட்பதும் ஓய்வைத்தான்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். சமையலறைக் கதவிலிருந்து துணி துவைக்கும் கல்வரை, சாந்து பூசாமல், இடைவெளியில் மணல் நிரப்பிக் கருங்கல் பதித்திருந்தார்கள். சரிவின் விளிம்பில் கல்கட்டு. அதன்மேல் ஒரு வரிசை மானாப்புல். நடுவில் லீக்ஸும் கரட்டும். இஸ்தோப்பின் கூரைக்கு அடியில் மட்டும், பேரப்பிள்ளை தவழ்வதற்காக, பாய் அளவுக்கு ஒரு துண்டுச் செயற்கைப் புல்.

"கானை எங்கே வெட்டணும்னு அம்மாதான் காட்டினாங்க. கல்லை அடுக்கவும் அவங்களே சொல்லிக் கொடுத்தாங்க" என்றார் மகன்.

மானாப்புல்லைக் காட்டி, "புல்லே வேண்டாம் என்றீர்களே அம்மா?" என்றேன்.

"அது மண்ணைப் புடிக்கிற புல்லுங்கையா. அதை யாரும் வெட்டச் சொல்லமாட்டாங்க" என்றார்.

காணி உறுதி வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்கள்.