சங்க வீடும் சாதிச் சுவரும்

'நம்மவர்களுக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வீடு தரும் கூட்டுறவுச் சங்கங்கள் இந்திய நகரங்களில் நூறாண்டுகளாக இருந்துவருகின்றன. பழமைவாதிகளின் பிடிவாதம் என்று சொல்லி அந்த நிபந்தனையை ஒதுக்கிவிட முடியாது. அதற்கு முதலில் இடம் போட்டுக் கொடுத்ததே சட்டம்தான். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், ஒரே ஊரில் குடியிருப்பவர்கள் சங்கம் அமைக்கலாம் என்றதோடு, பதிவாளர் இசைந்தால் ஒரே குலத்தையோ சாதியையோ சேர்ந்தவர்களும் அமைக்கலாம் என்றது. ஒருவர் வாங்கிய கடனுக்கு அத்தனை பேரும் பொறுப்பேற்கும் ஏற்பாட்டில், ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதுதான் பிணை. அந்த அறிமுகம் சாதிக்குள் எளிதில் கிடைத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடன் தராத சங்கங்களுக்கும் வழி திறந்தது. 1915இல் பம்பாயின் காம்தேவி பகுதியில் சாரஸ்வதர்களின் வீட்டுச் சங்கம் பதிவானது. பிளேக்கும் இட நெருக்கடியும் வாட்டிய நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு, வீட்டுக்காரரின் தயவை எதிர்பாராத வாழ்வைச் சாதிக்கட்டு பெற்றுத் தந்தது. அந்தப் பயனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிணைக்காக வந்த சாதி, பிணையின் தேவை தீர்ந்த பிறகும் வாசலை விட்டு நகரவில்லை.

அகமதாபாத்தில் 1926இல் பதிவான ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது சங்கத்தின் துணைவிதி. உறுப்பினர் ஒருவர் தம் இடத்தைச் சமூகத்துக்கு வெளியே ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்க முயன்றபோது பிரச்சினை வெடித்தது. குஜராத் உயர் நீதிமன்றம் துணைவிதி செல்லாது என்றது. 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தருகிறது. சங்கம் அரசின் உறுப்பு அல்ல, எனவே சமத்துவ உரிமையைச் சொல்லி அதன் துணைவிதியை முறிக்க முடியாது. மாற்றம் வேண்டுமானால் சட்டமன்றம்தான் செய்ய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்புக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது பார்சிகளின் எண்ணிக்கை. 2001 கணக்கெடுப்பில் 69,601 பேராக இருந்தவர்கள் 2011இல் 57,264 பேராகக் குறைந்தார்கள். இத்தனை சிறிய சமூகம் ஒன்றுகூடி வாழ ஓரிடம் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் தீர்ப்பு சிறுமையை அளவுகோலாக வைக்கவில்லை. அது தந்த உரிமை பெருஞ்சாதிகளுக்கும் அப்படியே பொருந்தும். பத்துச் சங்கங்கள் தனித்தனியே கதவடைத்தால் ஒரு பேட்டையே சிலருக்கு இல்லாமல் போகும். இன்னொரு வாதம், தனியார் விவகாரத்தில் அரசுக்கு என்ன வேலை என்பது. வீட்டுச் சங்கம் பஜனைக் குழுவைப் போன்றதல்ல. பதிவாளர் ஏற்றால்தான் அது பிறக்கிறது. நிலுவை வைத்த உறுப்பினரிடம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க அதற்குச் சட்டமே வழி தருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இந்த முடிச்சைத்தான் பிடித்தது. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்பதில்லை என்று தனியார் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆனால் நீதிமன்றம் அதை நிறைவேற்றிக் கொடுத்தால் அது அரசின் செயலாகிவிடும் என்றது. 1968இல் வந்த வீட்டு வசதிச் சட்டம் தனியாரின் பாகுபாட்டையே தடை செய்தது.

இந்தியச் சட்டத்துக்கும் இது புதிய பாதை அல்ல. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. தடுப்பவர் தனியாராக இருந்தாலும் தப்ப முடியாது. ஒரு காரணத்துக்காகத் தனியார் வாசலுக்குள் நுழைந்த சட்டம், மதம், பிற சாதி என்ற காரணங்களுக்காக நுழைய முடியாது என்பதற்குத் தர்க்கம் இல்லை. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சங்கத்திடமிருந்து பறிக்க வேண்டியதுமில்லை: தவணை கட்டும் திறன், குடியிருக்கும் எண்ணம், பொதுவிதிகளுக்கு உடன்பாடு ஆகியவற்றைக் கேட்கட்டும், பிறப்பைக் கேட்க வேண்டாம். பார்சிகளைப் போலச் சுருங்கிவரும் சமூகத்துக்கு விலக்கு வேண்டுமென்றால், அதைக் காரணத்தோடும் காலவரம்போடும் சட்டத்திலேயே எழுதலாம். கூட்டுறவு மாநிலப் பட்டியலில் உள்ள துறை. உச்ச நீதிமன்றம் 2005இல் சுட்டிய பொறுப்பு மாநிலச் சட்டமன்றங்களுடையது. 1904இல் ஒரு சட்டம் அனுமதித்ததை இன்னொரு சட்டம்தான் திரும்பப் பெற வேண்டும்.