ஒன்பது நாள் ஓட்டம்

மக்கள் செய்த பாவத்திற்கு ஆண்டவன் அளித்த தண்டனையாம்! 1223-இல், இன்றைய உக்ரைன் மண்ணில், கல்கா ஆற்றங்கரையில் ருஸ் நாட்டுச் சிற்றரசர்களை மங்கோலியர் முறியடித்தபோது, ஏடெழுதிய துறவிகள் கண்ட காரணம் இது.

களத்தில் நாம் காண்பதோ வேறு. மங்கோலியத் தளபதிகள் செபேயும் சுபுதாயும் பெரும்படை கண்டு ஓடினர். ஒன்பது நாள் ஓடினர்! (செபே, முன்னர் செங்கிசுகானையே எதிர்த்துப் போரிட்ட வில்லாளி. திறமையைக் கண்டு தளபதியாக்கினான் கான், பழம்பகையைப் பாராட்டவில்லை.) துரத்தியவரின் அணி நீண்டது, குலைந்தது, குதிரைகள் களைத்தன. ஓடியவரிடமோ ஆளுக்குப் பல மாற்றுக் குதிரைகள். கொம்பும் மரமும் தசைநாரும் இணைத்துச் செய்த வில். அங்கவடியில் கால் ஊன்றி, பாயும் பரிமீதே பின்புறம் திரும்பி அம்பெய்யும் பயிற்சி. கல்காவில் ஓட்டம் நின்றது; வேட்டை தொடங்கிற்று.

ருஸ் அரசர்களாவது ஒன்றுபட்டனரா? காலிச் அரசன் பழம்பகையால் கீவ் அரசனுக்குச் சொல்லாமலே போரைத் தொடங்கினான். கீவ் அரசனோ குன்றின்மேல் இருந்தபடி, கூட்டாளிகள் மடிவதைப் பார்த்திருந்தான். மூன்று நாள் தாக்குப்பிடித்தான். பின், உயிருக்கு ஊறில்லை என்ற வாக்கை நம்பிச் சரணடைந்தான். பலகைகளின் கீழ் அவனைக் கிடத்தி, மேலே அமர்ந்து விருந்துண்டனர் வென்றவர். விருந்து முடிந்தபோது அவனுக்கு உயிரில்லை.